அப்பத்தா பார்த்த அவதார்

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பட்டாசாலையிலிருந்து "அப்பா! அப்பா!" என்று ஒரு பையன் தொண்டை கிழியக் கத்தும் சத்தம் கேட்டது. புளிக் கையோடு ஓடினேன். என் மகன் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தான். கத்தியவன் மடிக்கணினித் திரைக்குள் இருந்த மொட்டைத்தலைப் பையன். பாலைவனத்தின் மேல் பறந்து பறந்து தேடுகிறான், கூப்பிடுகிறான். பதில் இல்லை.

என் கணவர் இறந்து அப்போது நாலு மாதம். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி அத்தனை நாளாகியிருந்தது.

மடிக்கணினியை மூடத்தான் கை போனது. அவன் நிமிர்ந்து பார்த்து, "அது அந்த மிருகத்தோட பேரும்மா. அதுக்குப் பேரு அப்பா. காணாமப் போச்சு" என்றான். நான் மூடவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அப்படி உட்கார்ந்ததில் எங்களுக்கு என்னென்ன நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன். பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு சாவைக் கடந்துகொண்டிருக்கும் யாருக்காவது பயன்படும்.

எங்கள் ஊர் ஆத்தங்குடி. என் கணவர் தரையில் பதிக்கும் பூக்கல் போடுகிறவர். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். கண்ணாடியிலிருந்து கழன்று வரும்போதே கல் பளபளவென்று இருக்கும். 2022 ஆனியில் ஒரு காலை, பட்டறையில் அச்சைப் பிடித்தபடியே சரிந்தார். வயது 44. காரைக்குடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கேதம் கேட்க வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தம்பியின் தலையைத் தடவி, "இனிமே நீதான்யா இந்த வீட்டுக்கு ஆம்பளை. அம்மாவ அழவிடாமப் பாத்துக்கணும்" என்றார்கள். (மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்.) நல்ல மனதோடுதான் சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஆனால் கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு நின்ற பதினோரு வயதுப் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் அவன் அழவே இல்லை. சொல்வதற்கு முன்னால் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனான். ஏதாவது கேட்டால், "பரவால்லம்மா" என்பான். "எவ்வளவு பக்குவமா இருக்கான் பாரு" என்று தெருவே மெச்சியது. நானும் நம்பினேன். தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிறு வலிக்கிறது என்பான்.

அயித்தையும் அழவில்லை. அதுதான் எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக் கேதத்துக்கும் ஒப்பாரி சொல்ல அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். பெற்ற பிள்ளை கிடந்தபோது வாய் திறக்கவில்லை. சொந்த மகனுக்கு என்ன சொல்லி அழுவது என்று கேட்பதுபோல அந்த முகம் இருந்தது.

துக்க வருஷம், தீபாவளி கிடையாது. தெருவெல்லாம் வெடிச் சத்தம். பிள்ளை தனியாக இருப்பானே என்று என் தங்கை மகள் வந்து நாலு நாள் தங்கினாள். அவள்தான் இந்தத் தொடரை மடிக்கணினியில் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர். 2005 முதல் 2008 வரை நிக்கலோடியன் தொலைக்காட்சியில் வந்த அமெரிக்கப் பொம்மைப் படத் தொடர், மூன்று பாகம், மொத்தம் 61 அத்தியாயம். பேச்சு ஆங்கிலம். தம்பிக்குப் பாதி புரியும், மீதியை எழுத்தில் படித்துக்கொள்வான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங் என்று ஒரு சின்னப் பையன். பனிக்கட்டிக்குள் நூறு வருஷம் உறைந்து கிடந்து எழுந்திருக்கிறான். எழுந்தால் அவன் இனத்தார் ஒருவரும் உயிரோடு இல்லை, எல்லாரும் போரில் கொல்லப்பட்டுவிட்டார்கள். மூன்றாவது அத்தியாயத்திலேயே அவனை வளர்த்த துறவியின் எலும்புக்கூட்டைப் பார்க்கிறான். கூட வரும் அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் தாய் இல்லை, தாயைப் போரில் கொன்றுவிட்டார்கள். பழைய வாழ்க்கையிலிருந்து ஆங்கோடு மிச்சம் இருப்பது பறக்கும் ஆறுகால் எருமை மாதிரி ஒரு பிராணி. அதற்குத்தான் பேர் அப்பா. இரண்டாம் பாகத்தின் நடுவில் அதைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் புளிக் கையோடு ஓடி வந்தது அந்த இடத்தில்தான்.

குழந்தைகளுக்கான படத்தில் இவ்வளவு சாவா என்று எனக்கும் முதலில் தோன்றியது. பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, அதில் யாரும் யாருடைய துக்கத்தையும் அவசரப்படுத்துவதில்லை. அந்தப் பாலைவன அத்தியாயத்தின் கடைசியில் ஆங் கோபத்தில் உடம்பெல்லாம் ஒளிர்ந்து, காற்றைச் சுழற்றிக்கொண்டு மேலே எழும்புகிறான். எல்லாரும் பயந்து ஓடுகிறார்கள். கூட வரும் அண்ணன் தங்கையில் தங்கைக்காரி கட்டாரா மட்டும் அவன் பக்கம் நடந்து போகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பிடித்துக் கீழே இழுத்து அணைத்துக்கொள்கிறாள். கோபம் அழுகையாக மாறி, ஒளி அடங்கிவிடுகிறது. தம்பி அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை எந்த இடத்தைத் திருப்பிப் போடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அங்கேதான் அதற்கு வலிக்கிறது.

அடுத்த அத்தியாயம் என்னைத்தான் குத்தியது. ஆங் அமைதியாகிவிடுகிறான். யாராவது அக்கறையாகக் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்கிறான். கட்டாரா அணைத்துக்கொள்ள வந்தால்கூடத் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு விலகிவிடுகிறான். எனக்கு அந்தக் குடமும் "பரவால்லம்மா"வும் ஞாபகம் வந்தன. அத்தனை மாதமாக நான் பக்குவம் என்று நினைத்துப் பெருமைப்பட்டது இதைத்தான். அன்று இரவு அவனிடம், "தம்பி, நீ இந்த வீட்டுக்கு ஆம்பளையா இருக்க வேணாம்யா. ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையா இருந்தாப் போதும். நான் அழுதா அழுதுட்டுப் போறேன், அது உன் வேலை இல்ல" என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். மறுநாள் தண்ணீருக்கு நானே போனேன்.

அப்புறம் தினம் ஒன்று என்று வழக்கமாகிவிட்டது. ஓர் அத்தியாயம் அரை மணி நேரம்கூட வராது. ராத்திரிச் சாப்பாடு முடித்து, விளக்கை அணைத்துவிட்டு, அவர் போட்ட பூக்கல் தரையில் பாயை விரித்து உட்காருவோம். அந்தத் தரையில் ஒரே ஒரு கல்லில் சிவப்பு, கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருக்கும். விற்க முடியாத கல் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து பதித்தது. அதன்மேல் யாரும் கட்டில் போடவோ மூட்டை வைக்கவோ தம்பி விட மாட்டான். அதன் பக்கத்தில்தான் அவன் இடம்.

நேருக்கு நேர் உட்கார்ந்து, "உனக்கு என்னய்யா செய்யுது?" என்று நான் கேட்ட எந்த நாளும் அவன் பேசியதில்லை. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, இருட்டில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தபோதுதான் பேச்சு வந்தது. அதுவும் அவனைப் பற்றிக் கேட்டால் வராது. "அந்தப் பையனுக்கு இப்ப எப்படி இருக்கும்?" என்று கேட்டால் வரும். பொத்தானை அவன் கையிலேயே விட்டுவிட்டேன். தாங்க முடியாத இடத்தில் அவனே நிறுத்திக்கொள்வான். கனமான இடம் வருகிறதா என்று தங்கை மகளிடம் முன்னாலேயே போனில் கேட்டு வைத்துக்கொள்வேன். நான் செய்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது ஒன்றுதான்: முடிந்ததும், "பாத்தியா, அவன் எப்படித் தைரியமா இருக்கான்னு" என்று பாடம் நடத்துவது. ஒரே ஒரு தடவை வாய் தவறி ஆரம்பித்தேன். அவன் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான்.

கோபம் வந்ததும் இந்த வழியில்தான். பட்டறையில் என் கணவரோடு வேலை பார்த்த ஒருவரைத் தம்பி மாமா என்று கூப்பிடுவான். என் கணவர் விழுந்தபோது பக்கத்தில் இருந்தது அந்த மாமாதான். அவர்தான் வண்டி பிடித்தார், தூக்கிக்கொண்டு ஓடினார். ஆனால் தம்பி அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவான். அவரும் வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டார். எனக்குக் காரணம் புரியவில்லை.

தொடரில் டாஃப் என்று கண் தெரியாத ஒரு பெண் வருகிறாள். அந்தப் பிராணி திருடு போனபோது பக்கத்தில் இருந்தவள் அவள்தான். மற்றவர்கள் ஒரு பெரிய நூலகத்துக்குள் இருக்கிறார்கள். அது மணலுக்குள் புதைந்துகொண்டிருக்கிறது, அவள் தாங்கிப் பிடித்திருக்கிறாள். விட்டால் உள்ளே இருப்பவர்கள் செத்துப்போவார்கள். அதனால் பிராணியை விட்டுவிடுகிறாள். ஆங் வெளியே வந்து அவளைத்தான் வாய்க்கு வந்தபடி பேசுகிறான். அதைப் பார்த்துச் சில நாள் கழித்து, சோறு தின்றுகொண்டிருந்தவன் திடீரென்று, "டாஃப் என்னம்மா பண்ணுவா? ரெண்டு கையாலயும் கட்டடத்தத் தாங்கிக்கிட்டில்ல இருந்தா?" என்றான். "ஆமாய்யா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "மாமாவும் ஓடித்தான் போனாரு, இல்ல?" என்று கேட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஓடித்தான் போனாரு. செருப்புக்கூடப் போடல" என்றேன். அந்த வாரமே பட்டறைக்குப் போய்த் திண்டில் உட்கார்ந்துவிட்டு வந்தான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அயித்தை அதுவரை அவர்கள் கட்டிலிலேயே படுத்திருப்பார்கள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் ஒரு கிழவர் கதை வந்தது. ஐரோ என்று பெயர். ஒரு காலத்தில் பெரிய தளபதி, ஒரு நகரத்தை 600 நாள் முற்றுகை போட்டவர். அந்தச் சண்டையில்தான் தன் மகனைப் பறிகொடுத்தார். இப்போது அதே நகரத்துக்குள் அகதியாக வந்து தேநீர்க்கடையில் வேலை பார்க்கிறார். அன்றைக்கு அவர் கடைத்தெருவில் நடந்துபோகிறார். அழுகிற குழந்தைக்கு ஒரு பாட்டுப் பாடிச் சிரிக்க வைக்கிறார். கத்தியைக் காட்டிப் பணம் பறிக்க வந்தவனுக்கே தேநீர் கொடுத்து, உட்கார்ந்து பேசி அனுப்புகிறார். சாயங்காலம் ஒரு குன்றின் மேல் மரத்தடிக்குப் போய்த் துணியை விரித்து, மகன் படத்தை வைத்து, ஊதுவத்தி ஏற்றுகிறார். அன்று அவர் மகன் பிறந்தநாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது: "படையல் போடுறாகளா?"

தம்பி பட்டென்று நிறுத்திவிட்டான். "ஆமா அப்பத்தா. அவரு மகனுக்கு."

"மகன் எப்படிப் போனாகளாம்?"

"சண்டையில."

அயித்தை எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தார்கள். தம்பி மறுபடி ஓடவிட்டான். காலையில் குழந்தைக்குப் பாடிய அதே பாட்டைக் கிழவர் மகன் படத்தின் முன்னால் பாட ஆரம்பிக்கிறார், குரல் உடைந்துபோகிறது. என்ன பாடுகிறார் என்று அயித்தை கேட்டார்கள். சண்டைக்குப் போன சின்னப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வருகிறான் என்று பாடுகிறார் என்றான் தம்பி.

"வராத பிள்ளைக்கு வர்றதாப் பாடுறாரு" என்றார்கள் அயித்தை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் அழுவதை அன்றுதான் பார்த்தேன். தம்பி நகர்ந்து போய் மடியில் தலையை வைத்தான். அவனும் அழுதான், நானும் அழுதேன். யாரும் யாரையும் தேற்றவில்லை. அந்த அத்தியாயம், கிழவருக்கு முதலில் குரல் கொடுத்த மாகோ என்ற நடிகருக்குச் சமர்ப்பணம் என்று எழுத்து வரும். 2006-ல் அவர் இறந்த சில மாதத்தில் வந்த அத்தியாயம் அது. தம்பி அதைப் படித்துச் சொன்னதும், "பாடுனவுகளும் போயிட்டாகளா?" என்று கேட்டுவிட்டு அயித்தை வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டு நாள் கழித்து அந்தப் பிராணி திரும்பக் கிடைத்துவிட்டது. ஆங் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். நான் மகிழ்ச்சியான இடமாயிற்றே என்று நினைத்தேன். தம்பி மடிக்கணினியை மூடினான். "அவனோட அப்பா வந்துருச்சு" என்றான். நான் என்ன சொல்வது? உன் அப்பா சாமியாகிவிட்டார், மேலேயிருந்து பார்க்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாய்யா. நம்ம அப்பா வர மாட்டாக" என்றேன். அதைச் சொன்னதற்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு. இப்போதும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு உண்மை தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அது நினைத்துவிடக் கூடாது.

ஆனால் அதற்கப்புறம் அவன் தொடரைத் தொடவில்லை. வயிற்றுவலி அதிகமானது. ராத்திரி தூக்கமில்லை, சாப்பாடு குறைந்தது. ஒரு நாள், "நானும் அப்பாகிட்ட போயிட்டா நீ தனியா இருந்துக்குவியா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி வந்தால் தாமதிக்காதீர்கள். பொம்மைப் படமும் போதாது, குலசாமிக்கு வேண்டுதலும் போதாது. நான் அன்றே 14416-க்குக் கூப்பிட்டேன். அது டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். அங்கே சொன்னபடி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனேன். "பையனுக்குப் புத்தி சரியில்லையான்னு ஊர் கேக்கும்" என்றார் ஒரு சொந்தக்காரர். கேட்கட்டும் என்றேன். அந்த மருத்துவர் அவனிடம் முதலில் பேசியது தொடரைப் பற்றித்தான். யாரைப் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார். டாஃப் என்றானாம். நாலைந்து தடவை போய்வந்தோம். வயிற்றுவலி மெல்ல மெல்லக் குறைந்தது.

இடையில் அவன் என்னிடம் சொன்னது இன்னொன்று. அப்பா குரல் மறந்துபோகிறது என்று பயமாக இருக்கிறதாம். நான் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளையெல்லாம் தேடி எடுத்தேன். ஒன்றிலும் பெரிதாக எதுவும் இல்லை. "சிமெண்டு வந்துச்சான்னு கேளு", "வர்றப்ப கருவேப்பிலை வாங்கணுமா?" அவ்வளவுதான். எல்லாவற்றையும் மூன்று இடத்தில் சேமித்து வைத்தோம். போன் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். பின்னால் மூன்றாம் பாகத்தில், அந்த அண்ணன்காரன் சாக்கா தன் அம்மா முகத்தை நினைக்கப் பார்த்தால் தங்கை முகம்தான் வருகிறது என்று டாஃபிடம் சொல்வான். அதைக் கேட்டபோது தம்பி என் போனை எடுத்து ஒரு தடவை கருவேப்பிலையைப் போட்டுக் கேட்டுக்கொண்டான்.

தை மாதம் அவர் பிறந்தநாள் வந்தது. நாங்கள் திதியைத்தான் நினைப்போம், செத்தவர்களுக்குப் பிறந்தநாள் யார் பார்த்தார்கள்? தம்பிதான் கேட்டான், "அந்தத் தாத்தா மாதிரி நாமளும் போவமா?" என்று. நான் அயித்தை முகத்தைப் பார்த்தேன். "வெள்ளைப் பணியாரம் அவனுக்குப் புடிக்கும். அரிசிய ஊறப்போடுத்தா" என்றார்கள்.

சாயங்காலம் பணியாரமும் மிளகாய்த் துவையலும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடிக்குப் போனோம். மாமாவும் வந்தார். ஒரு பழைய பூக்கல்லைப் போட்டு அதன்மேல் படத்தை வைத்தார். தம்பி ஊதுவத்தி ஏற்றினான். அயித்தை கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். "வீட்டுக்குள்ள சும்மா சொல்லக் கூடாது, இங்கன சொல்லலாம்" என்றார்கள், யாரிடம் என்று தெரியவில்லை. அப்புறம் ஆரம்பித்தார்கள். ஆனி மாதத்திலிருந்து அடைத்துக்கிடந்த ஒப்பாரி. அவர் தவழ்ந்ததில் தொடங்கி, முதல் கல் போட்டதைச் சொல்லி, சிவப்பு வழிந்த அந்தக் கல் வரைக்கும் சொன்னார்கள். மாமா மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். தம்பி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இருட்டிய பிறகு வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். காலி வாளி தம்பி கையில்.

"அப்பத்தா, இன்னைக்கு ராத்திரி அடுத்தது போடவா?"

"அந்த மாடு வருதாடா அதுல?"

"வரும்."

"அப்பப் போடு" என்றார்கள் அயித்தை. "பாவம், ரொம்ப எளைச்சுப் போயிருந்துச்சு. தீனி கீனி வச்சாகளான்னு பாப்போம்."